காதால் பார்க்க வேண்டிய குப்பி: சீன எனாமல் கண்ணாடிப் பொடிக்குப்பி சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு காடை நிற்கிறது. ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் பால்வெள்ளைக் கண்ணாடிக் குப்பி, அதன் வயிற்றில் எனாமலில் தீட்டிய காடை, பக்கத்தில் மஞ்சள் சாமந்திச் செடி, அடிப்பக்கம் நீல எனாமலில் நான்கு சீன எழுத்து. அந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் 'சியென்லோங் நியென் ஜி', அதாவது சியென்லோங் பேரரசரின் ஆட்சியில் செய்தது. ஹாங்காங்கில் ஒரு கடையில் வாங்கினேன். "அரண்மனைச் சரக்கு" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: அரண்மனைச் சரக்குக்கு அது மிக மிகக் குறைவு, என் சம்பளத்துக்கோ ரொம்ப அதிகம். அந்தக் காடையிடம் என்ன கோளாறு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியில் உள்ளதில் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் காடைதான்.

முதலில் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்

நம் ஊரில் மூக்குப்பொடியை மட்டையில் மடித்தோ, தகர டப்பாவில் அடைத்தோ மடியில் வைத்திருந்த தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் அதே பொடிக்குக் குப்பி. ஐரோப்பியர்கள் பொடியைச் சிறு பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டி இறுக மூடாது, ஈரக்காற்று பட்டால் பொடி கட்டிபிடித்துவிடும். சீனர்களிடம் ஏற்கெனவே மருந்து வைக்கும் சின்னக் குப்பிகள் இருந்தன, வாய் குறுகலாக, தக்கை போட்டு அடைக்கும்படி. பொடியும் தலைவலிக்கும் சளிக்கும் மருந்து என்றுதான் அங்கே புழக்கத்துக்கு வந்தது, அதனால் அதுவும் குப்பிக்குள் போய்விட்டது. மூடியின் அடியில் ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும், அதால் பொடியை எடுத்து நகத்தில் வைத்து உறிஞ்சுவார்கள்.

1684ல் காங்ஷி பேரரசர் தென்பகுதிக்குப் போயிருந்தபோது, நான்ஜிங்கில் ஜேசு சபைப் பாதிரிமார் வைத்த பரிசுகளில் பொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்த ருசி அரண்மனைக்குள் நுழைந்ததும் குப்பிக்கும் மவுசு வந்துவிட்டது. 1696ல் கிலியான் ஸ்டம்ஃப் என்ற ஜெர்மன் பாதிரியாரின் மேற்பார்வையில் பெய்ஜிங்கில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறை தொடங்கியது. எனாமலிலும் காங்ஷிக்குப் பைத்தியம்: 1716 வாக்கில் தன்னையும் இத்தாலிய ஓவியர் காஸ்டிலியோனையும் கட்டாயப்படுத்தி எனாமல் தீட்ட வைத்தார்கள் என்று பாதிரியார் மத்தேயோ ரிப்பா புலம்பி எழுதியிருக்கிறார். 1719ல் கிராவரோ என்ற பிரெஞ்சு எனாமல்காரர் வந்து சேர்ந்தார். பிறகு யோங்ஜெங், அடுத்து 1736 முதல் 1795 வரை ஆண்ட சியென்லோங். நமக்கு முக்கியமானவர் கடைசியாகச் சொன்னவர்தான். சந்தையில் கிடைக்கும் போலிகளில் ஏராளமானவை அவர் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன.

பொடிக்குப்பி மாணிக்கக் கல்லிலும் உண்டு, பீங்கானிலும் உண்டு, பச்சைக்கல், வெண்கலம், தந்தம், பாக்குக்கொட்டை அளவு பழக்கொட்டையில்கூட உண்டு. நான் பேசப்போவது கண்ணாடி உடலில் எனாமல் தீட்டிச் சுட்டதை மட்டும். இருப்பதிலேயே கஷ்டமான வகை இதுதான், செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும்.

படி 1: ஏன் இது அரிது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

எனாமல் என்பது வண்ணம் கலந்த கண்ணாடிப் பொடி. அதைக் குழைத்துத் தூரிகையால் தீட்டி, சூளையில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். பீங்கான் மேல் தீட்டினால் பிரச்சினை இல்லை, பீங்கான் அதைவிட மிக அதிகச் சூட்டைத் தாங்கும். ஆனால் உடலும் கண்ணாடி, மேலே பூசுவதும் கண்ணாடி என்றால்? எனாமல் உருகுகிற சூட்டுக்கும் குப்பி இளகித் தொய்ந்துபோகிற சூட்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஒரு மூச்சு அதிகமானால் குப்பி கோணிக்கொள்ளும், கொஞ்சம் குறைந்தால் வண்ணம் வேகாமல் பொரிந்து நிற்கும். எல்லா வண்ணமும் ஒரே சூட்டில் உருகாது என்பதால் சிலவற்றைத் திரும்பத் திரும்பச் சூளைக்குள் வைத்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே கண்டம். சூளையின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள்.

அதனால் பிழைத்து வந்தவை குறைவு. அந்தக் குறைவிலும் நல்லவை பெய்ஜிங், தைபே அரண்மனை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: 2011 நவம்பரில் ஹாங்காங்கில் போனம்ஸ் ஏலத்தில், மேரி-ஜார்ஜ் பிளாக் தம்பதியின் சேகரிப்பிலிருந்த சியென்லோங் கால எனாமல் கண்ணாடிக் குப்பி ஒன்று இரண்டரைக் கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொடிக்குப்பி! இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், சந்தையில் யாராவது "சியென்லோங், எனாமல், உங்களுக்காக இந்த விலை" என்று நீட்டும்போது சிரித்துவிட்டு நகரலாம்.

அப்படியானால் நமக்கு என்னதான் மிஞ்சுகிறது? 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் தனியார் பட்டறைகளில் செய்தவை இருக்கின்றன, அவற்றில் அழகானவையும் இருக்கின்றன. தொடங்குகிறவர் அங்கேதான் தொடங்க வேண்டும்.

படி 2: படத்தைக் காதால் படிக்கப் பழகுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் வைத்துக்கொள்வதே இல்லை. "பூ, பறவை, அழகாக இருக்கிறது" என்பதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் சீனப் பொடிக்குப்பியில் பறவை சும்மா வந்து உட்காராது. சீன மொழியில் ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட சொற்கள் உண்டு, அதை வைத்து ஓவியர் சிலேடை கட்டுகிறார். நமக்குச் சிலேடை புதிதில்லை, ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருத்திப் பாடிய மொழி நம்முடையது. அவர்கள் அதைச் சொல்லுக்குப் பதில் படத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான். படத்தில் உள்ளதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் வாழ்த்து காதில் விழும்.

வௌவாலில் தொடங்கலாம். நம் வீட்டுக்குள் வௌவால் வந்தால் பாட்டி முகம் சுளிப்பார். சீனத்தில் வௌவால் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. ஐந்து வௌவால் இருந்தால் ஐந்து பேறு: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற நிம்மதி, நற்குணத்தில் பற்று, வயதாகி இயல்பாக வரும் சாவு. (கடைசியையும் வரம் என்று எண்ணிச் சேர்த்தவர் வாழ்க்கையைப் பார்த்தவர்.) சிவப்பு வௌவால் என்றால் 'ஹோங் ஃபூ', பெருகிவரும் பேறு என்பதற்கும் அதே ஒலி. தலைகீழாகப் பறந்தால்? தலைகீழ் என்பது 'தாவ்', வந்து சேர்ந்தது என்பதும் 'தாவ்'. ஆக, தலைகீழ் வௌவால் என்றால் பேறு வந்துவிட்டது. வௌவாலோடு ஒரு காசு, நடுவில் ஓட்டை போட்ட பழைய செப்புக்காசு, இருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு: காசு 'சியென்', முன்னால் என்பதும் 'சியென்', காசின் ஓட்டைக்குக் கண் என்று பெயர். பேறு உன் கண் முன்னாலேயே இருக்கிறது!

தங்கமீன் 'ஜின்-யூ', பொன்னும் பச்சைக்கல்லும் சேர்ந்தாலும் அதே ஒலிதான். குளமும் பெரிய கூடமும் 'தாங்'. அதனால் குளம் நிறையத் தங்கமீன் என்றால் வீடு நிறையப் பொன்னும் மணியும். பொதுவாக மீனே 'யூ'தான், மிச்சம், உபரி என்றும் பொருள். மான் 'லூ', அரசு ஊதியமும் 'லூ'. பூச்சாடி 'பிங்', அமைதியும் 'பிங்', அதனால் நான்கு பருவப் பூவையும் ஒரே சாடியில் செருகி வைத்தால் வருஷம் முழுக்க நிம்மதி.

தேர்வு எழுதிப் பதவிக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் குப்பிகள் தனி ரகம். கொக்கும் தாமரையும் அதில் மிகப் பிரபலம்: ஒரு கொக்கு 'யி லூ', ஒரே வழி என்பதும் அதே ஒலி, தாமரை 'லியென்', தொடர்ச்சியும் 'லியென்'. வழி நெடுக ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வில் வெற்றி. சேவலின் கொண்டை 'குவான்', அதிகாரியும் 'குவான்', அதனால் சேவலும் அதன் பக்கத்தில் கோழிக்கொண்டைப் பூவும் வந்தால் பதவிக்கு மேல் பதவி. குதிரை மேல் குரங்கு, கூடவே ஒரு தேனீ என்று ஒரு படம் வரும், பார்த்தால் சர்க்கஸ் போல இருக்கும். தேனீ 'ஃபெங்', பட்டம் அளிப்பதும் 'ஃபெங்'. குரங்கு 'ஹோ', பிரபு என்பதும் 'ஹோ'. குதிரை மேல் என்பது 'மா ஷாங்', அதற்கு 'உடனே' என்றும் பொருள். உடனே உனக்குப் பிரபு பட்டம் கிடைக்கட்டும். மேலதிகாரிக்குக் கொடுக்க இதைவிட நாசூக்கான பரிசு இருக்குமா? பூனையும் வண்ணத்துப்பூச்சியும் என்றால் வயதானவருக்கு: பூனை 'மாவ்', வண்ணத்துப்பூச்சி 'தியெ', இரண்டும் எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைக் குறிக்கும் சொற்களின் ஒலி.

எல்லாமே சிலேடையில்லை. பீச் பழம் ஆயுளுக்கு, மாதுளை விதைபோலப் பிள்ளைகள் பெருக, பியோனிப் பூ செல்வத்துக்கும் கௌரவத்துக்கும், பைன் மரம்-மூங்கில்-பிளம் பூ மூன்றும் குளிரிலும் வாடாத நண்பர்கள் என்று நேர்க் குறியீடுகளும் இருக்கின்றன. விரல் விரலாகப் பிரிந்த எலுமிச்சை போன்ற ஒரு பழத்தைப் பார்ப்பீர்கள், அதைப் புத்தர் கை என்பார்கள். பீச், மாதுளை, அது மூன்றும் சேர்ந்தால் 'மூன்று நிறைவுகள்'.

இப்போது என் காடைக்கு வருகிறேன். காடை 'ஆன்', அமைதி. சாமந்தி 'ஜூ', குடியிருப்பது என்பதன் ஒலியும் அதற்கு ஒட்டியது. மூன்றாவதாக ஒன்று வரவேண்டும்: தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகள், 'லுவோ யெ', அது 'லெ யெ' என்பதற்கு, அதாவது செய்யும் தொழிலில் மகிழ்ச்சி என்பதற்கு, நெருங்கிய ஒலி. மூன்றும் சேர்ந்தால்தான் 'நிம்மதியாகக் குடியிருந்து மகிழ்ச்சியாகத் தொழில் செய்' என்ற முழு வாழ்த்து. என் குப்பியில் காடை இருக்கிறது, சாமந்தி இருக்கிறது, இலையெல்லாம் செடியிலேயே பத்திரமாக இருக்கிறது, ஒன்றுகூட உதிரவில்லை. வரைந்தவர் ஏதோ ஒரு புகைப்படத்தைப் பார்த்து அழகை நகல் எடுத்திருக்கிறார், வாக்கியத்தை விட்டுவிட்டார்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: சிலேடை முழுமையாக இல்லை என்பதால் மட்டும் ஒரு குப்பி போலி ஆகிவிடாது, முழுமையாக இருப்பதால் பழையது ஆகிவிடவும் செய்யாது. நல்ல போலிக்காரருக்கும் சீனம் தெரியும். ஒரே உருவத்தை இரண்டு மூன்று விதமாகப் படிக்கவும் முடியும். ஆனால் சந்தேகம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சிலேடை காட்டிக்கொடுக்கும். எனக்கு லென்ஸை எடுக்கத் தோன்றியதே அந்த உதிராத இலைகளால்தான்.

படி 3: வாங்குமுன் கண்ணைத் தயார்ப்படுத்துங்கள்

முதல் ஆறு மாதம் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிடன், லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் மூன்றும் தங்கள் குப்பிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. மெட்ரோபாலிடனில் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளும் படத்தோடு கிடைக்கும், பிளாக் சேகரிப்பின் பத்து ஏலங்களுக்கான விவரக்குறிப்புகளைப் படித்தாலே ஒரு பட்டப்படிப்பு. 1968ல் தொடங்கிய சர்வதேசச் சீனப் பொடிக்குப்பிச் சங்கம் பால்டிமோரிலிருந்து நடக்கிறது, அவர்களுக்கென்று தனி இதழே உண்டு.

படம் மட்டும் போதாது. ஏலத்துக்கு முந்தைய காட்சி நாட்களில் யார் வேண்டுமானாலும் போய்ப் பொருளைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்க்கலாம், வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் முறை எனக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே உள்ளவர்கள் ஒன்றும் நினைப்பதில்லை. வாட்ச், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மேசை மேல் விரித்த துணிக்கு மேலேயே வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் மரியாதை.

படி 4: கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

மூடியைக் கழற்றுங்கள், அல்லது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குவதானால் மூடியில்லாமல் வாயின் படத்தையும் அடியின் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் அது கண்ணாடிதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். பால்வெள்ளைக் கண்ணாடியைப் பீங்கான் போலத் தோன்ற வேண்டும் என்றே செய்தார்கள், அதனால் குழப்பம் வரும். பீங்கானின் அடி விளிம்பில் மெருகு படாத, சொரசொரப்பான ஒரு வளையம் பெரும்பாலும் இருக்கும். கண்ணாடியில் அது இருக்காது, அடி விளிம்பும் மேனியும் ஒரே பொருள். செம்பு மேல் எனாமல் பூசியதென்றால் வாய் விளிம்பில் உலோகம் தெரியும், எடையும் வேறு மாதிரி இருக்கும். சின்ன டார்ச்சை வாய்க்குள் காட்டினால் கண்ணாடியின் உள்ளே காற்றுக் குமிழிகளும் பால் கலங்கியது போன்ற கோடுகளும் தெரியலாம்.

அப்புறம் லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு ஸ்டிக்கரை ஒட்டிச் சுட்டது, வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். தூரிகை என்றால் கோடு தொடங்கும் இடத்தில் தடிப்பு, முடியும் இடத்தில் மெலிவு இருக்கும். எனாமல் கண்ணாடிக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்க வேண்டும், விரல் நுனியால் தடவினால் தெரியும். சூளையில் குமிழி வெடித்த நுண்ணிய குழிகள் அங்கங்கே இருப்பது இயல்பு. சுடாமல் வெறும் பெயின்ட் அடித்தவையும் வருகின்றன, ஓரங்கள் தோல் போல உரியும், பிளாஸ்டிக் மினுக்கு இருக்கும்.

இளஞ்சிவப்பை நெருக்கமாகப் பாருங்கள். தங்கத்தை நுண்ணிய துகளாக்கி எடுத்த நிறம் அது, ஐரோப்பாவிலிருந்து வந்த உத்தி. நல்ல ஓவியர் அதை வெள்ளை எனாமலோடு குழைத்து, இதழின் நுனியில் ஆழமாகவும் அடியில் வெளிறியும் படிப்படியாக இறக்குவார். என் காடைக் குப்பியின் சாமந்தி மொட்டு ஒன்றில் இளஞ்சிவப்பு இருக்கிறது, நகப்பூச்சு அடித்தது போல ஒரே சீராக, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

அடுத்தது தேய்மானம். இருநூறு வருஷம் மேசையில் வைத்து எடுத்த குப்பியின் அடி விளிம்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும், சில ஆழமாக, சில மெல்லியதாக. உப்புத்தாளில் தேய்த்துச் 'செய்த' பழமையில் கீறல்கள் வரிசையாக ஒரே பக்கம் ஓடும், என்னுடையதில் இருப்பது போல. பொடியின் பழுப்புக் கறை உள்ளே இருந்தால் நல்ல அடையாளம் என்பார்கள். என் குப்பியிலும் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கியதும் மொத்தமும் டீத்தண்ணீர் போல வெளியே வந்துவிட்டது, அடிக்கண்ணாடி பளபளவென்று சிரித்தது. உபயோகித்த குப்பியில் கறை கழுத்தின் உட்புறத்திலும் மூலைகளிலும் படிந்து இறுகியிருக்கும், இவ்வளவு பணிவாகக் கரையாது.

வாயின் விளிம்பு உடைந்தால் அதை அரைத்துச் சமமாக்கிவிடுவார்கள், கழுத்து குட்டையாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா டார்ச்சில் பார்த்தால் பிசின் வைத்து ஒட்டி வண்ணம் பூசிய இடம் சுற்றியுள்ளதிலிருந்து வேறாக ஒளிரும்.

படி 5: அடியில் உள்ள எழுத்தைக் கடைசியில் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் குப்பியைக் கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆட்சிப் பெயரை எழுத யாருக்கும் உரிமம் தேவைப்பட்டதில்லை. முன்னோர் மேல் உள்ள மரியாதையிலும் எழுதினார்கள், ஏமாற்றவும் எழுதினார்கள்.

எனாமல் கண்ணாடியில் இன்னொரு முத்திரையும் வரும்: 'கூ யுவே ஷுவான்', பழைய நிலா மண்டபம். இதற்கும் ஒரு எழுத்துச் சிலேடைக் கதை உண்டு. 'ஹூ' என்ற குடும்பப் பெயரை எழுதும் சீன எழுத்தை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி 'கூ' (பழைய), மறு பாதி 'யுவே' (நிலா). ஹூ என்ற ஒரு கண்ணாடிக்காரர் தன் பெயரை இப்படிப் பிளந்து கடைக்கு வைத்தார் என்பார்கள். அந்தப் பெயரில் சியென்லோங்கின் அரண்மனை வளாகத்தில் ஒரு கட்டடமே இருந்தது என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகு கதைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. ஆனாலும் வியாபாரிகள் இன்னும் எந்த எனாமல் கண்ணாடியைப் பார்த்தாலும் 'கூ யுவே ஷுவான் பாணி' என்று பொதுப்பெயராகச் சொல்கிறார்கள், அதை வயதுச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே யே பெங்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குப்பிக்குள் தூரிகை விட்டு ஓவியம் தீட்டும் பெய்ஜிங் யே குடும்பத்தில் பிறந்தவர். 1930களில் சியென்லோங் பாணி எனாமல் கண்ணாடியைத் தானே சூளை வைத்துக் கற்றுக்கொண்டு, சியென்லோங் முத்திரையோடும் கூ யுவே ஷுவான் முத்திரையோடும் செய்தார். அவை பல பத்தாண்டுகள் பெரிய பெரிய சேகரிப்புகளில் 18ஆம் நூற்றாண்டுச் சரக்காகவே உட்கார்ந்திருந்தன. அவரிடம் கற்ற வாங் ஷிசான் 1960களில் அதைத் தொடர்ந்தார். உண்மை தெரிந்த பிறகு விலை விழுந்ததா? கொஞ்ச காலம். இப்போது 'யே பெங்சி, பெய்ஜிங், 1933-1943' என்று பெயரோடும் ஆண்டோடும் ஏலக் குறிப்பில் போட்டு விற்கிறார்கள், தேடி வாங்கவும் ஆள் இருக்கிறது. நேற்றைய போலியான யே பெங்சி குப்பிக்கே இன்று போலி வேறு வந்துவிட்டது என்பது தனி வேடிக்கை.

படி 6: எங்கே, எப்படி வாங்குவது

என் வரிசை இது: முதலில் நிறுவன ஏலம், அடுத்து இந்தத் துறையிலேயே பல வருஷம் இருக்கும் வியாபாரி, கடைசியில் இணையச் சந்தை. தெருச் சந்தையை நான் சேர்க்கவே இல்லை. 1911க்கு முந்தைய பழம்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பெய்ஜிங் சந்தையில் 'சிங் அரச வம்சக் காலத்துக் குப்பி' என்று காகிதம் எதுவும் இல்லாமல் ஒருவர் விற்றால், ஒன்று அது புதியது, இல்லை நீங்கள் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது.

விலை பேசுமுன் பொருள் யார் கைகளிலிருந்து வந்தது என்று கேளுங்கள். "ஒரு பழைய குடும்பத்திலிருந்து" என்பது பதில் ஆகாது. பழைய ஏல எண், ஒட்டியிருக்கும் சேகரிப்பாளர் சீட்டு, பழைய ரசீது, அச்சான விவரக்குறிப்பு, இவைதான் பதில். அடியில் பழைய சீட்டு ஒட்டியிருந்தால் 'சுத்தம்' செய்கிறேன் என்று உரித்துவிடாதீர்கள், அதைவிடப் பெரிய தவறு இல்லை. ரசீதில் காலத்தை எழுத்தில் வாங்குங்கள்: "சியென்லோங் முத்திரை உள்ளது" என்பதும் "சியென்லோங் காலத்தது" என்பதும் ஒன்றல்ல. என் ரசீதில் முதல் வாக்கியம்தான் இருந்தது, நான் இரண்டாவதாகப் படித்துக்கொண்டேன். ஏலத்தில் சுத்தி விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், வரி, அனுப்பும் செலவு எல்லாம் வரும், அதையும் சேர்த்துத்தான் உங்கள் உச்சவரம்பு.

மூடியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். பவளம், பச்சைக்கல், பொன்முலாம் என்று எது இருந்தாலும் பெரும்பாலும் பின்னால் மாற்றியதுதான். ஆனால் உள்ளே உள்ள கரண்டி தந்தமா, ஆமை ஓடா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம், சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் விற்பனையே தடை. கரண்டியை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டு மூங்கிலில் ஒன்று செய்து போட்டுக்கொள்ளலாம். இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் ரசீதும் சுங்கச் சீட்டும் பத்திரம்: நூறு வருஷம் தாண்டிய பொருளைத் திரும்ப வெளியே அனுப்புவது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அது எப்போது எங்கிருந்து உள்ளே வந்தது என்று காட்டக் காகிதம் வேண்டியிருக்கும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

எனாமல் குப்பியைச் சுடுநீரிலோ சோப்பிலோ ஊறப்போடக் கூடாது. மேலே மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். (நான் உள்ளே வெந்நீர் ஊற்றிய கதையைப் படித்துவிட்டு நீங்களும் செய்யாதீர்கள், எனக்கு அப்போதே அதன் மேல் மரியாதை போயிருந்தது.) பழைய பொடிக் கறையை அப்படியே விட்டுவிடுங்கள்.

காங்ஷி காலக் கண்ணாடியில் அடிக்கடி ஒரு நோய் வரும். கலவையில் காரம் அதிகமாகிச் சுண்ணாம்பு குறைந்தால் கண்ணாடி காற்றின் ஈரத்தை இழுத்து, மேலே பிசுபிசுப்பும் உள்ளே சிலந்தி வலை போன்ற விரிசலும் விடும். வெயில், ஏ.சி. காற்று நேராகப் படும் இடம், மின்விளக்கின் சூடு மூன்றிலிருந்தும் தள்ளி, ஈரம் ஏறி இறங்காத அலமாரியில் வையுங்கள். நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலம் வந்தால் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு ஒரு சின்ன ஈரமானியும் வைத்துவிடுவது நல்லது. குப்பிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளம் வெட்டிய நுரைப்பெட்டி போதும்.

ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். உயரம், எடை, முத்திரை, படத்தின் சிலேடை, குறைகள், யாரிடமிருந்து எப்போது, என்ன விலை, உங்கள் கணிப்பில் எந்தக் காலம். கணிப்பை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், இரண்டு வருஷத்தில் மாறும். காடையின் அட்டையில் இப்போது இப்படி இருக்கிறது: பால்வெள்ளைக் கண்ணாடி, எனாமல், 6.1 செ.மீ., சியென்லோங் முத்திரை, 20ஆம் நூற்றாண்டின் கடைசி, உதிர்ந்த இலை இல்லை. விலையைத்தான் பென்சிலில் எழுதியிருக்கிறேன், வீட்டில் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்.